மேல்வரிசைப் பற்கள்

ஜூன் 2

அப்பாவின் ஒலிப்பதிவு இன்று தொடங்கியது. கல்லூரிக்குக் கோடை விடுமுறை இன்னும் முடியவில்லை. அதனால் கார் ஓட்டுவது, பிளாஸ்க் தூக்குவது, மாத்திரையை நினைவுபடுத்துவது எல்லாம் என் பொறுப்பு. காலையில் தண்ணீர் லாரி தாமதம். பெரம்பூரிலிருந்து வளசரவாக்கம் போய்ச் சேர்வதற்குள் மூன்று ஆட்டோக்காரர்களையும் ஒரு போக்குவரத்துக் காவலரையும் திட்டி முடித்திருந்தார்.

சினிமாப் பாட்டுகளில் முப்பது வருடத்துக்கு மேல் சாக்ஸபோன் ஊதியவர். அந்த ஊதலைக் கேட்காத தமிழர்கள் குறைவு. ஊதியது யார் என்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. எந்த இசைத்தட்டின் உறையிலும் தியோடர் செல்வநாயகம் என்ற பெயர் அச்சானதில்லை. எழுபத்து நான்கு வயதில் முதல்முறையாக அவர் பெயரில் ஓர் ஆல்பம் வரப்போகிறது. சினிமா அல்ல. இளவயதில் ஹோட்டல் பாண்டில் வாசித்த பழைய அமெரிக்க ஜாஸ் பாட்டுகள், பத்து. ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர், இவருடைய நெடுநாள் ரசிகர், தன் ஆசைக்காக வெளியிடுகிறார்.

"இது மட்டும் வந்துடட்டும். அப்புறம் கர்த்தர் கூப்பிட்டா ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்" என்றார் காரில். கண்புரை அறுவைக்கு முன்னாலும் இதையேதான் சொன்னார்.

சுதர்சன் என்ற ஒலிப்பதிவாளர் மரியாதையாகப் பேசினார். வாசிக்கும் நான்கு பேரையும் தனித்தனி அறையில் வைத்துப் பதிவு செய்யலாம், எங்கேயாவது பிசகினால் அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டிவிடலாம் என்றார்.

"ஒட்டுறதுக்கு நான் என்ன சைக்கிள் டியூபா?" என்றார் அப்பா. "நாலு பேரும் ஒரே ரூம். ஒரே மூச்சு. தப்பு வந்தா முதல்லேர்ந்து. முப்பது வருஷமா என்னை வெட்டி வெட்டி ஒட்டிட்டானுங்க. போதும்."

ஒரே அறையில் வாசித்தால் டிரம்ஸுக்கு வைத்த மைக்கிலும் பியானோவுக்கு வைத்த மைக்கிலும் சாக்ஸபோன் புகுந்துவிடும், பிறகு அதை மட்டும் உருவி எடுத்துவிட்டு வேறு ஆளை ஊதவைக்க முடியாது என்று சுதர்சன் எனக்கு விளக்கினார். அதாவது அப்பா இல்லாமல் இந்தப் பாட்டுகள் இல்லை. அவருக்கு வேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பியானோவும் பேஸ் கிட்டாரும் வாசிப்பவர்கள் இளைஞர்கள். பியானோக்காரன் இம்மாதம் இருபதாம் தேதி மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறான். அதற்குள் முடித்தாக வேண்டும். டிரம்ஸுக்கு பெங்களூரிலிருந்து எபினேசர் வந்திருக்கிறார். முன்பு தெரிந்தவர். முடி முழுக்க நரைத்துவிட்டது.

"என் பொண்ணு பியூலா" என்று அப்பா எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். "காலேஜ்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் புரொபசர். உலகத்துல இருக்குற எல்லாத்தையும் எண்ணுவா. தாளம் மட்டும் எண்ண வராது."

சிரித்தார்கள். எபினேசர் டிரம்ஸின் சிம்பல் தட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஜூன் 3

இரண்டு பாட்டுகள் முடிந்தன. பழுதுக்குக் கொடுத்த மிக்ஸி இன்னும் வரவில்லை.

ஜூன் 5

காலையில் வாய் கொப்பளித்த தண்ணீரில் ரத்தம். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் ஆடுகின்றன. சர்க்கரைக்காரருக்கு ஈறு இளகுவது எதிர்பார்க்கக் கூடியதே. அவர் முகத்தில் தெரிந்த பயத்தைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

சாக்ஸபோன் ஊதும்போது மேல்பற்கள் வாயில் வைக்கும் மவுத்பீஸின் மேல் அழுந்தப் பதிய வேண்டுமாம். பல் அசைந்தால் வாயின் பிடி அசையும், பிடி அசைந்தால் சுரம் அசையும். இத்தனை வருடங்களாக அந்த இரண்டு பற்கள் நின்ற இடத்தில் மவுத்பீஸில் பள்ளமே விழுந்திருக்கிறது. எடுத்துக் காட்டினார். பார்த்தேன்.

அயனாவரத்தில் டாக்டர் நஸ்ரினிடம் அழைத்துப் போனேன். சின்ன வயது, சிரித்த முகம்.

"டாக்டரம்மா, இது பல்லு இல்ல. என் தொண்டை" என்றார் அப்பா. தன் வரலாறு முழுவதையும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னார்.

"பயப்படாதீங்க அங்கிள். பக்கத்துப் பல்லோட சேத்து கம்பி போட்டுக் கட்டிடறேன். ரெக்கார்டிங் முடியற வரைக்கும் அசையாது. முடிஞ்சதும் வந்துடுங்க, எடுத்துட்டு அழகா செட் கட்டித் தரேன்."

திரும்பும்போது காரில் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

ஜூன் 6

டேக்குகளுக்கு நடுவே ஸ்டூடியோவுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் நின்றிருந்தேன். எபினேசர் வந்து பக்கத்தில் நின்றார்.

"நல்லா இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன். மனைவி நான்கு வருடத்துக்கு முன் இறந்துவிட்டாராம். ஒரே மகள் கனடாவில். பெங்களூரில் தனியாக ஒரு வீடு, பிள்ளைகளுக்கு டிரம்ஸ் வகுப்பு.

"கப்பல்ல பாண்ட் வாசிக்கப் போனேன் இல்ல, அப்படியே வருஷம் ஓடிப்போச்சு. அன்னிக்கு உங்ககிட்ட நேர்ல வந்து ஒரு வார்த்தை..."

"எனக்கு சர்க்கரை இல்லாம சொல்லுங்க" என்றேன். அவர் கடைக்காரரிடம் திரும்பிச் சொன்னார். டீ வந்தது. குடித்தோம்.

ஜூன் 9

அப்பா இன்று பியானோக்காரனை அழவைத்தார்.

"தம்பி, நீ பியானோ வாசிக்கிறியா, இல்ல கோர்ட்டு வாசல்ல டைப் அடிக்கிறியா?" என்று ஆரம்பித்தார். அவன் மன்னிப்புக் கேட்டான். "உங்கப்பா ஜெர்மனிக்கு அனுப்புறாரு இல்ல? நல்லது. இங்கேர்ந்து தூரம்." அவன் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அடுத்த டேக்கில் மிக நன்றாக வாசித்தானாம். சுதர்சன் சொன்னார்.

"பாத்தியா?" என்றார் அப்பா என்னிடம், பிளாஸ்கை வாங்கிக்கொண்டே. "சில பேரு அடிச்சாத்தான் சத்தம் வரும்."

ஐந்து பாட்டுகள் முடிந்திருக்கின்றன. கம்பி நன்றாகப் பிடித்து நிற்கிறது. ஊதி முடித்ததும் நாக்கால் அந்தப் பற்களைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். ஜெபம் செய்யும்போதுகூட அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 10

மதியத்துக்கு முந்தைய இடைவேளை. இளைஞர்கள் இருவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கன்சோல் அறையில் சுதர்சனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுதேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே நடப்பதெல்லாம் அங்கே ஸ்பீக்கரில் கேட்கும். நாற்காலி நகர்வது, இருமுவது, மவுத்பீஸில் கட்டும் நாணல் பட்டையான ரீட்டை ஈரப்படுத்துவது எல்லாம்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு." எபினேசர் குரல்.

"கேளு எபி."

"அன்னிக்கு பியூலா நிஜமாவே அப்படிச் சொன்னாளா?"

"எப்படி?"

"டிரம்ஸ் அடிக்கிறவனக் கட்டிக்கிட்டு நான் தெருவுல நிக்கணுமான்னு. நீங்கதான் வந்து சொன்னீங்க. கப்பல் வேலையும் நீங்கதான் பேசி முடிச்சுக் குடுத்தீங்க."

அப்பா சிரித்தார். "அவ எங்கடா சொன்னா? அவ உன்கூட வர்றதுக்குப் புடவையெல்லாம் எடுத்து வெச்சுட்டா. நான்தான் சொன்னேன்."

டிரம்ஸ் குச்சிகளைக் கீழே வைக்கும் சத்தம்.

"ஏன் மாஸ்டர்?"

"அவ அம்மா கையும் காலும் வராம கெடந்தா. எனக்கு தினம் ரெண்டு கால்ஷீட். யாரு பாப்பா? ஆயா வெச்சா ஒரு மாசம் தங்க மாட்டா. இவ தங்குனா பாரு." ஏதோ ஒன்றைத் துணியால் துடைக்கும் சத்தம். "நல்ல பொண்ணுடா. நீ சொல்லாம கொள்ளாம ஓடிட்டேன்னு அவகிட்ட சொன்னேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. கொஞ்சமாவது அழுவான்னுதான் நெனச்சேன்."

சுதர்சன் கையை நீட்டி ஒலியைக் குறைத்தார்.

"இருக்கட்டும், ஏத்துங்க" என்றேன்.

ஏற்றினார். அதற்குள் பேச்சு ரீட்டின் கனத்தைப் பற்றிப் போயிருந்தது.

வாழ்நாள் முழுவதும் மைக்கின் முன்னால் நின்றவர். மைக் திறந்திருக்கும்போது தும்மலைக்கூட விழுங்கிவிடுபவர். இதைக் குறித்து மட்டும் வைக்கிறேன். ஒரே ஒரு தரவிலிருந்து முடிவுக்கு வரக்கூடாது என்று மாணவிகளுக்குச் சொல்பவள் நான்.

இடைவேளைக்குப் பிறகு ஆறாவது பாட்டு. மெதுவான பாட்டு. முதல் டேக்கிலேயே முடிந்துவிட்டது. சுதர்சன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேடம், இப்படி ஒண்ணு நான் பதிவு பண்ணதே இல்ல" என்றார். திருத்திய தாள்களை எண்ணிக் கட்டினேன். ஒன்று குறைந்தது. மேசைக்கு அடியில் விழுந்திருந்தது.

ஜூன் 11

ஒலிப்பதிவு இல்லை. பண்ருட்டிப் பலா வந்திருக்கிறது. வாங்கினேன். அப்பாவுக்கு மிகவும் பிடிக்கும். நான் வாங்குவதில்லை என்பதால் ஆச்சரியப்பட்டார். இரண்டு சுளை கேட்டார், கொடுத்தேன். இன்னும் கேட்டார். கொடுத்தேன்.

ஜூன் 12

ஏழாவது பாட்டு சரியாக வரவில்லை. பல முறை முதலிலிருந்து தொடங்கினார்கள். அப்பா ஈறு உறுத்துகிறது என்றார். கம்பியின் ஒரு முனை விட்டிருக்கிறது.

கார் நிறுத்துமிடத்தில் எபினேசர் வந்தார். அப்பா காருக்குள் இருந்தார், கண்ணாடி ஏற்றியிருந்தது.

"பியூலா, உன்கிட்ட பேசணும். இப்ப வேணாம். இந்த நாலு பாட்டும் முடியட்டும். மாஸ்டர் மனசு கலையக்கூடாது. இது அவர் உசுரு. முடிஞ்ச அடுத்த நாள் வீட்டுக்கே வரேன்."

சரி என்றேன். இவர் கப்பலேறிப் போன இந்த இருபத்துநான்கு வருடங்களாக எல்லோரும் மாஸ்டரின் மனசு கலையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எபினேசருக்கும் அது வேலையாகிவிட்டது.

ஜூன் 13

ஈறு வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலி எனக்கு, கேள்வி உனக்கு" என்றார். இன்றைய பதிவைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டர் நஸ்ரினிடம் போனோம்.

எக்ஸ்ரே எடுத்தபின் அப்பா உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டர் வெளியே வந்து எனக்குப் படத்தைக் காட்டினார்.

"கம்பிய மாத்திக் கட்டலாம் மேடம். ஆன்டிபயாட்டிக் குடுத்தா ரெண்டு நாள்ல வீக்கம் வடிஞ்சிடும். எப்படியும் எடுக்க வேண்டிய பல்லுதான், ஆனா அவசரம் இல்ல. ரெக்கார்டிங் எப்ப முடியுது?"

முடிந்துவிட்டது என்றேன்.

"ஓ, முடிஞ்சிடுச்சா! சூப்பர். அப்ப இன்னிக்கே எடுத்துடலாமே."

"அவர்கிட்ட நானே சொல்றேன்" என்றேன். "நீங்க சொன்னா பயந்துடுவார்."

உள்ளே போனேன். கண்ணைத் திறந்தார்.

"எடுக்கணுமாம் டாடி. ரெண்டையும்."

"இன்னைக்கா?"

"இன்னைக்கே. சீழ் புடிச்சிடுச்சு. விட்டா மேல ஏறிடுமாம்."

"கட்டி வெச்சாத் தாங்காதா? நாலே பாட்டு பியூ. ஒரு வாரம். கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"முடியாதாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக எப்போது பிடித்தார் என்று நினைவில்லை. அவர் கை ஈரமாக இருந்தது. "நீ கேட்டா சரியாத்தான் கேட்டிருப்பே" என்றார். டாக்டர் ஊசியோடு வந்தார். அவர் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று கையை விடுவித்துக்கொண்டேன்.

அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பற்கள். அதிக நேரம் ஆகவில்லை. டாக்டர் அவற்றைக் கழுவி, மருந்து டப்பா ஒன்றில் போட்டுத் தந்தார். காரில் அப்பா அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பஞ்சைக் கடித்திருந்ததால் பேச முடியவில்லை.

மிக்ஸி வந்துவிட்டது. மறுதேர்வுத் தாள்கள் மீதியையும் திருத்தி முடித்தேன். ஒரு பெண் மிகத் தெளிவாக எழுதியிருந்தாள்.

ஜூன் 15

சர்ச்சுக்கு நான் மட்டும் போனேன். வாய் இப்படி இருக்கும்போது யார் முன்னாலும் வரமாட்டேன் என்றுவிட்டார். கேழ்வரகுக் கஞ்சி.

ஜூன் 16

கல்லூரி திறந்தது. புதிய பாட அட்டவணை வழக்கம்போலக் குளறுபடி.

ஜூன் 17

பிற்பகல் வகுப்புகளைத் தோழி ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அப்பாவை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். போயே ஆக வேண்டும் என்றார். பியானோக்காரனுக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன.

பல் இல்லாத இடத்தில் மேலுதட்டை உள்ளே மடித்துவைத்து ஊதிப் பார்த்தார். காற்று பக்கவாட்டில் சீறியது. சுரம் ஏறிய இடத்தில் நிற்காமல் வழுக்கி விழுந்தது. எச்சில் மோவாயில் வழிந்து சட்டையில் சொட்டியது. துடைத்துவிட்டு மறுபடி. மறுபடி. எபினேசர் தாளத்தைத் தளர்த்திக்கொண்டே போனார், விழுந்த இடத்திலெல்லாம் டிரம்ஸின் மேல் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து மூடிக்கொண்டே வந்தார். அப்பா அதைக் கவனித்துவிட்டார்.

"எனக்குப் பாய் விரிக்காதடா!" என்று கத்தினார். பல் இல்லாததால் பாதி காற்றாக வந்தது.

"சார், பரவால்ல சார். மெதுவாவே போலாம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றான் பியானோக்காரன். அன்று அழுத அதே பையன். உண்மையான கனிவோடு சொன்னான். அப்பாவால் தாங்க முடியாதது அதுதான் என்பது எனக்குக் கண்ணாடி வழியாகவே தெரிந்தது.

இன்னொரு முறை ஊதினார். நிறுத்தினார். கன்சோல் அறைப் பக்கம் திரும்பி, "சுதர்சா, எப்படி இருந்துச்சு? உண்மையச் சொல்லு" என்றார்.

சுதர்சன் என்னைப் பார்த்தார். அவர் முன்னால் இருந்த மைக் பொத்தானை நான் அழுத்தினேன்.

"நல்லா இல்ல டாடி" என்றேன்.

அவர் ஊதலைப் பற்றி நான் வாய் திறந்து கருத்துச் சொன்னது இதுவே முதல்முறை. சரியான கருத்தும்கூட.

சாக்ஸபோனைத் துண்டு துண்டாகக் கழற்றினார். துடைத்தார். பெட்டிக்குள் வைத்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை.

ஜூன் 20

பியானோக்காரன் விமானம் ஏறிவிட்டான். போவதற்கு முன் வீட்டுக்கு வந்தான். அப்பா மாடியிலிருந்து இறங்கவில்லை. பையன் படிக்கட்டின் அடியில் நின்று, "வரேன் சார்!" என்று குரல் கொடுத்தான். காத்திருந்தான். பிறகு என்னிடம் கைகூப்பிவிட்டுப் போனான்.

எபினேசர் இன்னும் ஊருக்குப் போகவில்லை. கொளத்தூரில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறார். வேறு பியானோ ஆள் பார்க்கலாம், செயற்கைப் பல் வந்தபின் பழகிக்கொள்ளலாம், ஊதுகிறவர்கள் பலர் அப்படிப் பழகியிருக்கிறார்கள் என்று தினமும் வந்து அப்பாவிடம் சொல்கிறார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நான்கு பாட்டுகள் முடியவில்லை அல்லவா.

ஜூன் 24

செயற்கைப் பல் பொருத்தும் நாள். என் காரின் பேட்டரி இறங்கிவிட்டதால் எபினேசர் தன் அக்காவின் காரில் எங்களை அழைத்துப் போனார். அப்பா அவரையும் உள்ளே வரச் சொன்னார்.

டாக்டர் நஸ்ரின் பல்லைப் பொருத்தி, கடிக்கச் சொல்லி, ராவி, மறுபடி பொருத்தினார். கண்ணாடியை நீட்டினார்.

"ஹீரோ மாதிரி இருக்கீங்க அங்கிள். ஆல்பம் எப்ப வருது? எனக்கு ஒண்ணு கையெழுத்துப் போட்டுத் தரணும்."

அப்பா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க வருது? நாலு பாட்டு நிக்குதே. பல்லு போயிடுச்சே."

"நாலு பாட்டா?" டாக்டர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இல்ல, ரெக்கார்டிங் முடிஞ்சிடுச்சுன்னு மேடம் சொன்னாங்களே. இல்லாட்டி நான் ஏன் எடுக்கப் போறேன்? கம்பி மாத்திக் கட்டியிருப்பேனே."

உமிழ்நீர் உறிஞ்சும் குழாய் இரைந்துகொண்டிருந்தது. டாக்டர் அதை அணைத்தார்.

அப்பா கண்ணாடியைத் திருப்பித் தந்தார். "நல்லாப் பொருந்துது டாக்டரம்மா" என்றார்.

வாசலில் எபினேசர் என்னை நிறுத்தினார். அப்பா காரின் முன் இருக்கையில் போய் உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களா?"

"ஆமாம்."

"ஏன்?"

"நீங்க ரெண்டு பேரும் பேசினது ஸ்பீக்கர்ல கேட்டுது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் நல்ல வெயில். "அவரு பண்ணது பாவம். எனக்குத் தெரியாதா? எனக்கும்தான் பண்ணாரு. சட்டையப் புடிச்சு நாலு அறை விட்டிருந்தா நான் உங்க பக்கம் நின்னுருப்பேன். ஆனா ஊதுறவன் வாயில போய்..." முடிக்கவில்லை. "ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். ஒரே ஒரு வாரம். நான்தான் வரேன்னு சொன்னேனே."

"பொறுத்திருக்கலாம்" என்றேன்.

எங்களை வீட்டில் இறக்கிவிட்டார். உள்ளே வரவில்லை. அப்பா படியேறும்போது, "அந்த டாக்டர் பொண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மதியம் ரசம் சாதம் கேட்டார். புதுப் பல்லால் மெதுவாக மென்று முழுவதையும் சாப்பிட்டார்.

ஜூன் 25

வழக்கறிஞர் தொலைபேசியில் பேசினார். முடிந்த ஆறு பாட்டுகளையே வெளியிடலாம், ஆறும் அற்புதம், மெதுவான பாட்டைத் தினமும் கேட்கிறேன் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்துன்னா பத்து. இல்லாட்டி ஒண்ணும் வேணாம்" என்றார். "அழிச்சிடச் சொல்லுங்க."

வழக்கறிஞர் கெஞ்சினார். அப்பா மாடிக்குப் போய்விட்டார். அழிக்காமல் வைத்திருப்பதாகவும், அப்பாவின் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதில்லை என்றும் வழக்கறிஞர் என்னிடம் சொன்னார். குரல் உடைந்திருந்தது.

ஜூன் 26

எபினேசர் பெங்களூர் போய்விட்டாராம். சுதர்சன் சொல்லித்தான் தெரியும்.

ஜூன் 27

அப்பா இன்று எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. சர்க்கரை எப்போதும் இருக்கும் அளவுதான். காபியைப் படுக்கைக்கே கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டுச் சொன்னார்:

"கட்டில கீழ கொண்டுவந்து போட்டுடு. உங்கம்மா இருந்த ரூம்ல."

"அங்க புத்தகமெல்லாம் இருக்கு டாடி. மாடிதான் காத்தோட்டம்."

"மாடி ஏறி எறங்க உனக்குத்தானே கஷ்டம்? உனக்காகத்தான் சொல்றேன்."

பக்கத்து வீட்டு ஆட்களை அழைத்துக் கட்டிலை இறக்கினேன். ஒருவர் தோளில் கைபோடவைத்து அவரையும் இறக்கினார்கள். நடக்க முடிந்தது, ஆனால் நடக்கவில்லை. சாக்ஸபோன் பெட்டியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். பெட்டியா, எந்தப் பெட்டி என்பதுபோலப் பார்த்தார்.

ஜூன் 28

குடும்ப டாக்டர் வந்து முழுமையாகச் சோதித்தார். இதயம், நுரையீரல், நரம்பு, எல்லாம் அவர் வயதுக்கு மிக நன்றாக இருக்கிறதாம். "எழுந்து நடங்க சார். உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. இன்னும் இருபது வருஷம் இருப்பீங்க" என்றார்.

"கேட்டுக்கிட்டியா பியூலா?" என்றார் அப்பா. டாக்டருக்கு நன்றி சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் போனபின் கழிப்பறைக்கு எழுந்து போகலாமே என்றேன். முடியாது என்றார். பரணிலிருந்து பழைய பெட்பானை எடுத்துக் கழுவி வைத்தேன்.

ஜூன் 29

சர்ச்சுக்குப் போகவில்லை. காலையில் அவருக்குப் பல் தேய்த்துவிட்டேன். செயற்கைப் பல்லைக் கழற்றி, கழுவி, கிண்ணத்தில் போட்டேன். இடுப்பைத் தூக்கச் சொன்னபோது தூக்காமல் தன் முழுக் கனத்தையும் என் கையில் விட்டார். படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எபி போன் பண்ணானா?"

"இல்ல."

"பண்ண மாட்டான். அவன் சங்கீதக்காரன்." தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். சரிசெய்தேன். "கஷ்டமா இருந்தா ஒரு ஆயா வெச்சுக்கோ."

"வேணாம்" என்றேன்.

"வேணாம்னுதான் சொல்லுவே. தெரியும்."

கல்லூரி முதல்வரிடம் நீண்ட விடுப்பைப் பற்றிப் பேச வேண்டும். அறையில் இருந்த என் புத்தகங்களைப் பெட்டிகளில் கட்டி மாடிக்கு ஏற்றினேன். ஜன்னல் பக்கமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டால் துணி மாற்ற வசதியாக இருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான் போட்டிருந்தோம். அம்மா இதே அறையில் பதிமூன்று வருடம் படுத்திருந்தாள்.